மூன்றாவது கூப்பாடு

அன்பு மகனுக்கு,

இந்த வாரம் வீட்டிலிருந்து உனக்கு இரண்டு கடிதம் வரும். ஒன்று உன் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. பந்தல், சமையல்காரர், உன் சித்தப்பாவின் கோபம், முகூர்த்தப் புடவையின் நிறம் எல்லாம் அதில் இருக்கும். இது மற்றது. குதிரைக் கொட்டகையில் கொள்ளு மூட்டை மேல் பலகையைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்து, "என்ன, இம்புட்டு நேரமா எழுதிக்கிட்டுக் கெடக்கீங்க?" என்றாள். லாடம் அடிக்கிறவருக்கு எழுதுகிறேன் என்றேன். அறுபதை நெருங்கியும் எனக்குப் பொய் சொல்ல ஒழுங்காக வரவில்லை பார். லாடக்காரர் வீடு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் ஒரே ஒரு பொய்யை மட்டும் நான் நன்றாகச் சொல்லியிருக்கிறேன். பதினோரு வருஷமாக யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வொர்க்‌ஷாப்பில் நாலு பேர் நடுவில் வைத்துப் படிக்காதே. வத்தலக்குண்டு வெயிலில் தனியாக உட்கார்ந்து படி.

நேற்று வெள்ளையம்மாள் வந்தாள். காமாட்சியை நீ கட்டப்போவதால் இனி உனக்கு அத்தை, மாமியார் எல்லாம் அவள்தான். காப்பி குடித்துவிட்டு உடனே கிளம்பவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "அண்ணே, மொதப் பத்திரிகைய அவருக்குத்தான் வைக்கணும்" என்றாள். செத்துப்போன தன் புருஷன் ஆண்டியப்பனைச் சொல்கிறாள். செத்துப்போன பெரியவர்களுக்கு முதல் பத்திரிகையை வைத்து, பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டு, கல்யாணத்துக்கு வரச்சொல்வது அவர்கள் வீட்டு வழக்கம். சுடுகாட்டுக்குப் போகலாம், நானே கூட்டிப் போகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அங்க வேணாம்ணே. அவரு உசுருல பாதி அந்தச் சோலையிலதான் தங்கிருச்சு. லாட மரத்துக்கிட்ட வச்சுக் கூப்பிடணும். மாப்பிள்ளையும் காமாட்சியும் போகட்டும். நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போகணும். அவரு உங்களத்தானே நம்பினாரு." அவள் போன பிறகு கொஞ்ச நேரம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா முட்டிவலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள். நானும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லாட மரம் உனக்குத் தெரியும். பேரிஜம் ஏரிக்குப் போகிற பழைய குதிரைப் பாதையில், மதிகெட்டான் சோலை தொடங்குகிற இடத்தில் நிற்கிற நாவல் மரம். அந்தச் சோலையின் பேரைக் கேட்டாலே வெளியூர்க்காரன் பயப்படுவான். உள்ளே போனவனுக்குப் புத்தி பேதலித்துவிடும், போன வழியிலேயே சுற்றிச் சுற்றிச் சாவான் என்று நாங்களே அவனுக்குக் கதை சொல்லுவோம். குதிரைச் சவாரிக்கு அதனால் கிராக்கி கூடியதே தவிரக் குறையவில்லை. எங்களுக்கு அது சோலி பார்க்கிற இடம். ஆனால் உள்ளே நுழைவதற்கு முன்னால் குதிரைக்காரன் ஒவ்வொருவனும் தேய்ந்த லாடம் ஒன்றை அந்த மரத்தில் அடித்துவிட்டுத்தான் போவான். இரும்பு இருந்தால் எதுவும் பின்னால் வராது என்று நம்பிக்கை. நீ எட்டு வயதில் அதை எண்ணப் பார்த்து, எழுபதுக்கு மேல் எண்ண முடியாமல் என்னோடு சண்டை போட்டாய்.

அந்தப் பாதையில் எங்களுக்கு இரண்டு சட்டம் உண்டு. மேகம் இறங்கி முன்னால் போகிற குதிரையின் வால் தெரியாமல் போனால், கடிவாளத்தைத் தளர்த்திவிட வேண்டும். குதிரைக்கு வழி தெரியும், நமக்குத் தெரியாது. அது நின்றால் நாமும் நிற்க வேண்டும், திரும்பினால் திரும்ப வேண்டும். இது முதல் சட்டம். சோலைக்குள் யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக்கூடாது என்பது இரண்டாவது. மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். மற்றது ஒரு தடவை கூப்பிடும், மிஞ்சிப் போனால் இரண்டு தடவை. அதுவும் தெரியாத குரலில் கூப்பிடாது, நமக்கு வேண்டியவன் குரலில்தான் கூப்பிடும். பதில் சொன்னால் போச்சு. இந்த இரண்டையும் என் அப்பா எனக்குச் சொன்னார், நான் உனக்குச் சொன்னேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று மாறாக வந்து நின்றால் எதைக் கேட்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

உன் மாமா ஆண்டியப்பனுக்குக் கால் முடங்கிப்போன கதை உனக்கு மனப்பாடம். மட்டக்குதிரை காட்டெருமையைக் கண்டு மிரண்டது, அவன் பள்ளத்தில் விழுந்தான், மறுநாள் கண்டுபிடித்தோம். ஊருக்கெல்லாம் தெரிந்த இந்தக் கதை பாதிதான்.

அது ஐப்பசி மாதம். நீ அப்போது சின்னாளபட்டியில் உன் தாய்மாமன் வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சர்கள் மூன்று பேர் பேரிஜத்துக்கு இரண்டு நாள் சவாரி கேட்டார்கள். எப்போதும் போல நாங்கள் இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆண்டியப்பன் மட்டக்குதிரையில் அரிசி, கம்பளி, சட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புவான். டீச்சர்மார் வந்து இறங்குவதற்குள் காட்டிலாகா பங்களாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் என் பெண் குதிரை டெய்சியின் கழுத்தில் மணி கட்டிக்கொண்டு முன்னால் போவேன், மற்ற குதிரைகள் மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். அன்றைக்கு வெள்ளனே கிளம்பும்போது அவன், "வெரசா வந்துராத மச்சான். எனக்குத் தீ மூட்ட நேரம் வேணும், வெறகெல்லாம் ஈரமாக் கெடக்கும்" என்றான். அந்த மலையில் என்னை மச்சான் என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருத்தன்தான். மற்ற எல்லோருக்கும் நான் அண்ணன் அல்லது குதிரைக்காரர்.

லாட மரம் தாண்டி அரை மைல் போனதும் மேகம் இறங்கியது. ஈரப் பஞ்சைக் கண்ணில் வைத்துக் கட்டின மாதிரி இருந்தது. பறவைச் சத்தம் நின்றது. அட்டைக்குப் பயந்து டீச்சர்மார் குதிரை மேலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள், அந்தச் சிரிப்பும் நின்றது. நான் கடிவாளத்தைத் தளர்த்தினேன். டெய்சி நாலு அடி வைத்துவிட்டு நின்றுவிட்டாள். இரண்டு காதும் இடது பக்கப் பள்ளத்தைப் பார்த்து நட்டுக்கொண்டன. மணிச் சத்தம் அடங்கியதும் கீழே இருந்து குரல் வந்தது.

"மச்சான்."

சத்தமாக இல்லை. ஆனால் தெளிவாக இருந்தது. ஆண்டியப்பன் ஒரு மணி நேரம் முன்னால் போனவன், இந்நேரம் பங்களாவில் இருக்க வேண்டியவன். அவன் குரல் இங்கே பள்ளத்துக்குள் இருந்து எப்படி வரும்? மற்றது வேண்டியவன் குரலில்தான் கூப்பிடும் என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. ஒன்று என்று மனசுக்குள் எண்ணினேன். டெய்சி முன்னங்காலை எடுத்துப் பாதைக்கு வெளியே, பள்ளத்தின் விளிம்பில் வைத்தாள். மறுபடியும் "மச்சான்" என்று வந்தது. இரண்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் காத்திருந்தேன். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாவது வரவேயில்லை.

வயதான டீச்சர் மதுரையில் தமிழ் படித்தவர். அவர் பின்னாலிருந்து, "யாரோ கூப்பிடுறாங்க, இல்லையா?" என்று கேட்டார். "மாடு மேய்க்கிறவங்கம்மா. அவங்களுக்குள்ள கூப்பிட்டுக்குவாங்க" என்றேன். டெய்சி அசையவில்லை. கடிவாளத்தை இழுத்தேன். அப்பவும் அவள் பள்ளத்தையே பார்த்தாள். குச்சியை ஒடித்து அவளை அடித்தேன். அவளை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு நடந்தாள். குதிரைக்குத் தெரிந்ததை நான் நம்பவில்லை, என் பயத்துக்குத் தெரிந்ததை நம்பினேன். இவ்வளவுதான் நான் செய்தது. எழுதினால் நாலு வரிகூட வரவில்லை.

பங்களாவுக்குப் போனால் மட்டக்குதிரை தாழ்வாரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. சுமை சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாத மாதிரி, "வெறகு பொறுக்கப் போயிருப்பான்" என்று டீச்சர்மாரிடம் சொன்னேன். பங்களா வாட்சர் பாதையை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மேகத்துல இப்பப் போனா நாளைக்கு ரெண்டு பேரத் தேடணும். விடியட்டும்" என்றார். அவரிடம் மட்டும் நான் அந்தக் குரலைப் பற்றிச் சொல்லியிருந்தால், எந்த இடம் என்று சொல்லியிருந்தால், அவர் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு புறப்பட்டிருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று பதினோரு வருஷமாக யோசிக்கிறேன். கேட்டும் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வெட்கம். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

மறுநாள் மதியம் காட்டிலாகாவுக்குச் சீகை மரக் கன்று நடுகிற ஆட்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். நான் அவர்களுக்கு முன்னாலேயே அந்த இடத்துக்குப் போயிருக்கலாம். வேண்டுமென்றே வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தேன், அங்கே பிணம் கிடக்கும் என்று பயந்து. ஆனால் உயிர் இருந்தது. இடுப்பெலும்பு நொறுங்கி, ஒரு ராத்திரி முழுக்க மழையிலும் குளிரிலும் கிடந்து, உதடெல்லாம் நீலமாகி இருந்தான். மூங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வரும்போது என் கையைத் தேடிப் பிடித்தான். "ஒம் மணிச் சத்தம் கேட்டுச்சு மச்சான். ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். மூணாவது கூப்பிட நெஞ்சுல காத்து இல்ல. ஒனக்குக் கேக்கலையா?" என்றான்.

"கேக்கல" என்றேன்.

அவன் என் கையை விடவில்லை. "கேட்டிருந்தா வந்திருப்ப. எனக்குத் தெரியாதா?" என்றான்.

அதற்குப் பிறகு அவன் மூன்று வருஷம் இருந்தான். நடக்க முடியாது, இருமல் நிற்காது. ஊர் ஏரிக்கரையில் குதிரைகள் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து சேணம் தைத்துக்கொண்டிருந்தான். புதிதாக யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லுவான். சொல்லி முடிக்கும்போது, "எம் மச்சான் காதுல மட்டும் விழுந்திருந்தா அந்த எடத்துலேயே குதிச்சிருப்பான்" என்று என்னைக் காட்டுவான். பெருமையாகச் சொல்லுவான். நான் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். சாகிறதுக்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, "காமாட்சிய ஒன் வீட்டுக்கு மருமகளா எடுத்துக்க. ஒன்னயத் தவிர யார நம்பி விடுறது" என்றான். நான் சரி என்றேன். முறைப்பெண் என்பதால் உன்னைக் கட்டாயப்படுத்தியதாக நீ ஒரு தடவை முணுமுணுத்தாய். பிறகு அவளைப் பார்த்துப் பேசினாய், முணுமுணுப்பு நின்றுவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் அந்தப் பெண்ணை ஒப்படைத்தது அவன் மனசில் இருந்த ஒரு ஆளிடம், அந்த ஆள் நான் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் உனக்கு எழுதாமலே செத்திருப்பேன். டெய்சி விடவில்லை. அன்றைக்குப் பிறகு அந்த இடம் வந்தால் அவள் நிற்பாள். வெயில் அடித்தாலும் நிற்பாள். முன்னங்காலைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்து, காதை நட்டுக்கொண்டு, மூன்று தடவை கூப்பிடுகிற நேரம் காத்திருந்துவிட்டுத்தான் நடப்பாள். சவாரி வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள். பிறகு ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஆண்டியப்பன் போன மறு ஐப்பசியில் நான் தனியாக ஒரு சேணத்தை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். மேகம் இறங்கியது. டெய்சி நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் நடக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்போது பள்ளத்துக்குள் இருந்து ஒரே ஒரு தடவை வந்தது.

"மச்சான்."

அதில் வலி இல்லை, கோபமும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து உப்பு கேட்கிற மாதிரி சாதாரணமாக இருந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. டெய்சி காலைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து எடுத்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தாள். முன்னால் இரண்டு, இப்போது ஒன்று. மூன்றும் ஆகிவிட்டது. மூன்று தடவை கூப்பிட்டால் மனுஷன், பதில் சொல்ல வேண்டும். நான் பதில் சொல்லவில்லை. கொண்டுபோன சேணத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்த வழியே ஓடிவந்தேன். டெய்சி பின்னாலேயே நடந்து வந்தாள். மறுநாளிலிருந்து எனக்கு முட்டிவலி. ஊர் ஏரியைச் சுற்றி மட்டும்தான் சவாரி. எட்டு வருஷமாக உன் அம்மா தேய்க்கிற தைலம் எல்லாம் ஒன்றுமில்லாத வலிக்குத்தான்.

என்ஜினைக் கழற்றிப் பூட்டுகிறவன் நீ. அது காற்று, எதிரொலி, அப்பாவின் பயம் என்று சொல்லுவாய். இருக்கலாம். நானும் பகலில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். உனக்குப் பதினேழு வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஏரியின் கோரைப் பக்கமாக நாம் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தோம். சேற்றுப் பக்கம் இருந்து யாரோ ஒரே ஒரு தடவை கத்தினார்கள். நீ உடனே, "யாருங்க?" என்று கேட்டுக்கொண்டு ஓடினாய். "ஏலே, நில்லுலே" என்று நான் கத்தியும் நிற்கவில்லை. அங்கே ஒரு பொம்பளை கழுத்தளவு சேற்றில் மாட்டின கன்றுக்குட்டியோடு போராடிக்கொண்டிருந்தாள். நீ கன்றை இழுத்துக் கரையேற்றிவிட்டு, உடம்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தாய். நான் உன்னை அறைந்தேன். முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்கிறாயா என்று கேட்டு அறைந்தேன். நீ கன்னத்தைத் துடைத்துக்கொண்டாய். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை நான் அடித்ததை அந்தப் பொம்பளை பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அறை எனக்கு விழ வேண்டியது. ஆறு வருஷம் பிந்திச் சொல்கிறேன், மன்னித்துவிடு.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மேலே வா. இந்தக் கடிதத்தைக் காமாட்சியிடம் கொடு, அல்லது வாயால் சொல். அவள் அம்மாவும் இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. தாலி ஏறின பிறகு சொல்வது, கட்டிப்போட்டுவிட்டுச் சொல்கிற மாதிரி. அவள் அப்பாவைக் காட்டில் விட்டுவிட்டு வந்தவன் வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்து அவள் வரவேண்டும், இல்லையென்றால் வரவேண்டாம். அவள் மாட்டேன் என்றால் அந்தப் பழி என்னுடையது. பந்தலைப் பிரிக்க நானே ஆள் பிடிக்கிறேன், ஊர்க்காரர்களிடமும் நானே காரணத்தைச் சொல்கிறேன். நீ அவளிடம் எனக்காகப் பேசாதே. எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை சொன்னாலும் அவள் பதில் உண்மையான பதிலாக இருக்காது. உன்னையும் இழக்க நேரிடலாம் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

அவள் சரி என்று சொன்னால், பொங்கல் கழிந்த மறுநாள் நாம் மூன்று பேரும் லாட மரத்துக்குப் போகலாம். டெய்சியையும் கூட்டிக்கொள்வோம். அவளுக்கு ஒரு கண் போய்விட்டது, சவாரிக்கு ஆகாது. ஆனால் வெள்ளையம்மாள் வந்து போன நேரத்திலிருந்து கொட்டகையில் தீனி எடுக்காமல், சோலைப் பக்கமாகத் திரும்பி, காதை நட்டுக்கொண்டு நிற்கிறாள். இதை எழுதுகிற இந்த நிமிஷமும் அப்படித்தான் நிற்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மரத்தடியில் நீங்கள் இரண்டு பேரும் பத்திரிகையை வைத்து, அவனை மூன்று தடவை கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு அரை மைல் உள்ளே, டெய்சி நிற்கிற இடம் வரைக்கும் என்னோடு வாருங்கள்.

மேகம் இருந்தால் கடிவாளத்தை நீ பிடிக்காதே, அவள் போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் என் கையை மட்டும் பிடித்துக்கொள். நான் திரும்பி ஓடப் பார்த்தால் விடாதே. குரல் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பள்ளத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காமாட்சி பக்கத்தில் நிற்கும்போது, அவள் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும்.

"கேட்டுச்சு மச்சான். அன்னைக்கே கேட்டுச்சு."

உன் அப்பா